அக்காளின் மடியும் அந்நியர் கமராவும்

பிறந்த குழந்தையை, அதற்கு இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளையின் மடியில் கிடத்திப் புகைப்படம் எடுப்பது இன்று உலகெங்கும் பரவிவிட்ட வழக்கமாகும். ஒரு வீட்டிற்குப் புதிதாக வந்த உயிரை, அவ்வீட்டிற்குச் சற்று முன்னே வந்த உயிர் வியப்போடு பார்த்து வரவேற்கும் காட்சி அது. அதனைக் குறை கூற எவருக்கும் மனம் வராது. நாமும் குறை கூறப் புறப்படவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. அந்தப் படத்தை எடுப்பவர் யார்? வைத்திருப்பவர் யார்? படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெயர் உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் மலைநாட்டில் நின்று கேட்கும்போது, அழகியல் விவகாரம் போலத் தோன்றும் ஒன்று வர்க்க விவகாரமாக மாறிவிடுவதைக் காண்கிறோம்.

நானுஓயாவுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்த ஆண்டு 1885. தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்குவதற்காகப் போடப்பட்ட அதே பாதையில் இன்று உல்லாசப் பயணிகள் ஏறி வருகின்றனர். நுவரெலியாவைக் காணப் புறப்பட்டவர் கோச்சியை விட்டு இறங்கவேண்டிய இடம் நானுஓயாதான். இறங்கியவர் கண்ணில் பச்சை மலை படுகிறது, பனிமூட்டம் படுகிறது, மலையடிவாரத்து லயம் படுகிறது. லயத்து வாசலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பிறந்து இரண்டு மாதமேயான தம்பியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். மூன்று வயதுத் தங்கை அவளுடைய சட்டையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பயணி கமராவைத் தூக்குகிறார். ஒரு நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. கையில் ஓர் இனிப்பைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார். படமும் அவரோடு போய்விடுகிறது.

அந்தப் படம் எங்கோ ஒரு குளிர்நாட்டு வீட்டின் சுவரில் தொங்கும். அல்லது இலட்சக்கணக்கானோரின் தொலைபேசிகளில் உலாவரும். பார்ப்பவர்கள் வறுமையிலும் வாடாத புன்னகை என்று வியப்பார்கள். ஆனால் அந்தச் சிறுமியின் வீட்டில் அந்தப் படம் இராது. அவளுக்குத் தன் தம்பி இரண்டு மாதக் குழந்தையாக எப்படி இருந்தான் என்பதை நினைவிலிருந்து மட்டுமே மீட்டுக்கொள்ள முடியும். அவளுடைய முகத்தை உலகம் வைத்திருக்கிறது, அவள் வைத்திருக்கவில்லை. மலைநாட்டின் தேயிலைக்கு நேர்ந்ததும் இதுதானே? முதல்தரத் தேயிலை கப்பல் ஏறியது. விளைவித்தவனுக்குத் தேயிலைத் தூள் எஞ்சியது. கொழுந்துக்கு நேர்ந்த கதியே கொழுந்து பறிப்பவளின் குழந்தையினது முகத்திற்கும் நேர்ந்தது.

இது நேற்றோ இன்றோ தொடங்கியதன்று. புகைப்படக் கலையின் வரலாற்றில் அழியாத இடம்பெற்ற ஆங்கிலப் பெண்மணி ஒருவர் நமது மலைநாட்டிலேயே வாழ்ந்து, மறைந்து, அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதை நம் மாணவர்களில் எத்தனைபேர் அறிவர்? ஜூலியா மார்கரெட் கமெரன் என்பது அவர் பெயர். 1863-ஆம் ஆண்டின் இறுதியில், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கியவர். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமெரன், இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமெரன் ஆணைக்குழுவின் கமெரனேதான். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளராகவும் இருந்தார். 1875-இல் இத்தம்பதியர் இலங்கைக்கு வந்து குடியேறினர். 1879 ஜனவரியில் அந்த அம்மையார் டிக்கோயாப் பகுதியில் காலமானார். பொகவந்தலாவையில் உள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கணவரும் மனைவியும் துயில்கின்றனர்.

இங்கிலாந்தில் அவர் எடுத்த குழந்தைப் படங்களை நோக்குவோம். 1865-இல் தம் பேரன் ஆர்ச்சி உறங்கும் காட்சியைப் படமாக்கினார்; அக்குழந்தையின் வயது இரண்டு ஆண்டு மூன்று மாதம் என்பதைப் படத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்தார். அவ்வாண்டிலேயே கியூன் குடும்பத்துச் சகோதரிகள் இருவரைச் செம்மலரும் வெண்மலருமாக உருவகித்து எடுத்தார். அச்சிறுமியர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பீரங்கிப் படைப்பிரிவில் பணிபுரிந்த ஒருவரின் புதல்வியர். ஆயினும் அவர்களின் பெயர்கள் இன்றுவரை நின்று நிலைக்கின்றன. 1872-இல் ரேச்சல் கர்னி என்ற சிறுமிக்குப் பறவைச் சிறகுகளைப் பூட்டித் தேவதையாக்கிப் படமெடுத்தார். அவளுக்கும் பெயர் உண்டு.

அதே அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பது. களுத்துறைக் குடியானவர்கள் ஒரு படத்தில். தோட்டத் தொழிலாளர் வேறு சில படங்களில். கலைத்திறனில் அவை குறைந்தவை அல்ல. முகங்களை அவர் இழிவுபடுத்தவும் இல்லை. ஆனால் பெயர் எங்கே? குடியானவர், தொழிலாளர், பெண், சிறுமி என்ற பொதுப்பெயர்களே மிஞ்சுகின்றன. ஒரே கமரா, ஒரே கை, ஒரே கண். கடல் கடந்ததும் பெயர் உதிர்ந்துவிட்டது. இதற்கு அந்த அம்மையாரின் மனப்பாங்கை மட்டும் நொந்து பயனில்லை. உடைமை உறவே அங்கு படம் பிடித்தது. தம் பேரனைப் பாட்டியாக நின்று படமெடுத்தவர், தொழிலாளியைத் தோட்டத்து எசமானியாக நின்று படமெடுத்தார். நிற்கும் இடம் மாறியது, படமும் மாறியது.

வர்த்தக நிலையத்தார் இந்தப் பெயரின்மையைச் சரக்காக்கினர். கொழும்பில் ஸ்கீன், பிளேட்டே முதலிய நிறுவனங்கள் விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் இலங்கையின் மலையும் யானையும் தென்னையும் வரிசைப்பட்டன. அவற்றோடு ஒன்றாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் வரிசைப்பட்டாள். ‘தமிழ்க் கூலி’ என்ற இரண்டு சொற்களே பலருக்கு முகவரியாயின. யானைக்கும் பெயர் வேண்டியதில்லை, அவளுக்கும் பெயர் வேண்டியதில்லை என்பதே அந்த அட்டைகளின் சித்தாந்தம். இன்றைய பயணியின் தொலைபேசியில் இருப்பது அதே அஞ்சலட்டைதான். அச்சுக்கூலி மட்டும் மிச்சம்.

“நீங்கள் எதிலும் அரசியலையே தேடுகிறீர்கள், அக்காள் தம்பியைத் தூக்கிவைத்திருப்பது பாசத்தின் காட்சியல்லவா?” என்று நம்மைக் கேட்போர் உண்டு. பாசம் இல்லையென்று யார் சொன்னார்கள்? அந்த ஏழு வயதுச் சிறுமியின் பாசத்தை நாம் அறிந்த அளவுக்குக் கமராக்காரர் அறியார். ஆனால் பாசமும் உழைப்பும் ஒன்றல்ல. தம்பியைக் கால்மணி நேரம் கொஞ்சுவது பாசம். விடிந்தது முதல் தாய் திரும்பும்வரை அவனைச் சுமப்பதும், அவன் அழுதால் அடக்குவதும், தங்கை அடுப்பருகே போகாமல் பார்ப்பதும், பள்ளி மணி ஒலிக்கும்போது அதைக் கேட்டும் கேளாதவளாக நிற்பதும் உழைப்பு. அதற்குக் கூலி இல்லை. பேர் போடுவார் இல்லை. செக்றோலில் இடம் இல்லை. அந்த உழைப்பை மூடிமறைக்கப் பாசம் என்ற புனிதமான சொல்லை எடுத்துப் போர்த்துகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

அக்காளின் மடி எந்த நாளில் தொட்டிலாக மாறுகிறது? அந்த நாளை நிர்ணயித்தது இயற்கையன்று, சட்டம். 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ், முதலிரு பிள்ளைகளுக்குக் கிடைத்த பன்னிரண்டு வாரச் சலுகை, மூன்றாம் பிள்ளை முதல் ஆறு வாரமாகக் குறைக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டின் பொருளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் கூடியிருக்கும் வீட்டில், தாய்க்கு ஓய்வு அதிகம் தேவைப்படும் வேளையில், அவள் பாதிக்காலத்தில் மலையேற வேண்டும். எஞ்சிய ஆறு வாரத்தை யார் ஈடுசெய்வது? மூத்த பெண் ஈடுசெய்வாள். 2018-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என்று ஆக்கியது. மலைநாட்டில் எடுக்கப்பட்ட எத்தனை ‘பாசப் படங்கள்’ இந்த ஆறு வாரத்திற்குள் எடுக்கப்பட்டவையோ!

பாலூட்டும் தாய்க்கு, குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை, நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு என்பதும் சட்டமே. பிள்ளைக்காம்பரா இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். பிள்ளைக்காம்பராக்கள் பல இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் மாறியிருக்கின்றன. நிறம் பூசி, விளையாட்டுப் பொருள் வைத்த நல்ல நிலையங்களும் உள. மறுக்கவில்லை. ஆனால் மலைக்கும் காம்பராவுக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தை எந்தக் கட்டளைச் சட்டமும் அளந்து பார்த்ததில்லை. அரைமணி நேரம் நடைக்கே போய்விட்டால் பால் எப்போது கொடுப்பது? ஆயா வராத நாளில், காம்பரா திறவாத நாளில், குழந்தை எங்கே போகும்? அக்காளின் மடிக்குத்தான் போகும். அவளுக்கோ 5 வயது முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்று 2016-ஆம் ஆண்டு முதல் நாட்டின் சட்டம் கூறுகிறது. வகுப்பு இடாப்பில் அவளுடைய பெயருக்கு எதிரே நாம் இடும் வரவின்மைக் குறியும், பயணி எடுத்துச்செல்லும் அழகிய படமும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பதிவுகள்.

இனி நம்மவர் பக்கமும் திரும்புவோம். தீட்டுக் கழியாத பிள்ளையைப் படமெடுத்தால் கண்படும், ஆயுள் குறையும் என்ற அச்சம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் அச்சத்தின் வேரை ஆராய்வதே பகுத்தறிவு. 1974-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. நாட்டின் பொதுச் சராசரி அதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. தொட்டிலில் கிடப்பது நிலைக்குமோ நிலைக்காதோ என்று அஞ்சிய தாய், அதன் உருவத்தைப் பதித்துவைக்கவும் அஞ்சினாள். பசிக்கும் நோய்க்கும் அவள் இட்ட பெயர் கண்ணேறு. ஆகவே பிள்ளையின் நெற்றிப் பொட்டைப் பார்த்து நகைக்க வேண்டாம். அந்தப் பொட்டை வைக்கச் செய்த மரணங்களை ஒழிக்கப் போராடுவோம். தடுப்பூசியும் சத்துணவும் மருத்துவமாதும் வந்த இடங்களில் அந்த அச்சம் தானாகவே கரைந்து வருவதைக் காண்கிறோம்.

அச்சம் கரைந்த இடத்தில் வியாபாரம் வந்து புகுகிறது. பிறந்த பத்தாம் நாளே சிசுவைக் கூடையில் சுருட்டிவைத்து, பூவும் இறகும் தூவி, மூத்த பிள்ளைக்குச் சிறகு கட்டி, தொகையொன்றுக்கு இத்தனை படம் என்று விலைபேசும் நாகரிகம் நகரங்களிலிருந்து மலையேறத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிறகு எங்கிருந்து வந்தது? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கமெரன் அம்மையார் ரேச்சல் கர்னிக்குப் பூட்டிய அதே சிறகுதான். கடன்பட்டு வாங்கவேண்டிய அழகு நமக்குத் தேவையில்லை. 2021-இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வருவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் நடந்தது என்பதை மறந்தவர்களே இத்தகைய படத்துக்கு அடகுக் கடை ஏறுவார்கள்.

ஆனால் நமது தோழர்கள் சிலர் இதற்கு நேரெதிரான முடிவுக்குப் பாய்கிறார்கள். “சம்பளமும் காணியும் வீடும் தீராத பிரச்சினைகளாக இருக்கையில் புகைப்படம் ஒரு பிரச்சினையா? அது நடுத்தர வர்க்க ஆடம்பரம்” என்கிறார்கள். இந்த வாதத்தை நாம் முற்றாக மறுக்கிறோம். படமும் பத்திரமும் இல்லாத ஏழைக்கு நேர்ந்தது என்ன என்பதை மலைநாட்டைவிட நன்றாக அறிந்த மக்கள் வேறு யார்?

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மவரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்து, அங்கேயே தவழ்ந்து, அங்கேயே மூப்படைந்தவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் சுமார் 1,34,000 பேரே. விண்ணப்பித்தவர்கள் இந்த மலைகளில் வாழ்ந்ததற்குச் சாட்சி, அவர்கள் நட்ட தேயிலைச் செடிகள்தாம். செடி சாட்சி சொல்ல நீதிமன்றம் வராது.

அடுத்து 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டன. பங்கீட்டில் குடும்பங்கள் பிளந்தன. அக்காள் தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். அவள் மடியில் வளர்ந்த தம்பி இங்கே நின்றான். பல குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கமராவின் முன் நின்றது கடவுச்சீட்டுக்காக, அதாவது பிரிவதற்காக! ஒன்றாக வாழ்ந்ததற்குப் படம் இல்லை. பிரிந்ததற்குப் படம் உண்டு. 1984-இல் கப்பலும் நின்றுபோன பிறகு, தமிழ்நாட்டுத் தேயிலைக் காட்டில் அக்காளும் இங்கே தம்பியுமாக ஒருவர் முகத்தை ஒருவர் நினைவில் தேடி மூப்படைந்தனர். அவர்களிடம் போய்ப் புகைப்படம் ஆடம்பரம் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்றும் பிரிவு ஓயவில்லை. கைக்குழந்தையைப் பாட்டியிடமும் மூத்த பெண்ணிடமும் ஒப்படைத்துவிட்டு வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் தாய்மார் மலைநாட்டில் உளர். அக்காளின் மடியில் தம்பி இருக்கும் படம் அந்தத் தாய்க்கு அலங்காரப் பொருளன்று. பிள்ளை எடை கூடியிருக்கிறதா, மூத்தவள் முகம் வாடியிருக்கிறதா என்று அயல்வீட்டுச் சமையலறையில் நின்று அவள் ஆராயும் அறிக்கை அது.

ஆகவே நம் கோரிக்கை கமராவை விலக்குவதன்று. கமரா நிற்கும் இடத்தை மாற்றுவது. இதற்கு முன்மாதிரி உண்டு. அவர் நம் தொழிலைச் சேர்ந்தவரே. லூயிஸ் ஹைன் என்பவர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராயிருந்தவர். 1908 முதல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த பிள்ளைகளைப் படமெடுத்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார், குறித்துக்கொண்டார். வயதை மறைக்கும் ஆலையில், தம் கோட்டுப் பொத்தான்களையே அளவுகோலாக்கிப் பிள்ளையின் உயரத்தைக் கணித்தார். தங்கை தம்பியரைச் சுமந்து நின்ற சிறுமியரும் அவர் படங்களில் உண்டு. அவர்களைத் தேவதைகளாக்கவில்லை, சாட்சிகளாக்கினார். 1916-இல் அந்நாட்டின் முதல் குழந்தைத் தொழில் சட்டம் வந்தது. 1918-இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. இறுதியில் 1938-இல் நிலையான சட்டம் வந்தது. படம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்துவிடவில்லை. தொழிலாளர் இயக்கம் கொண்டுவந்தது. ஆனால் இயக்கத்தின் கையில் அந்தப் படங்கள் இருந்தன.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது எளியது. நம் அயலிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை பிறந்ததும், தாய் சம்மதித்தால், மூத்த பிள்ளையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக் கொடுப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவின் இருட்டுக்குள் மின்னொளியை வீசிச் சிசுவைத் துடிக்கவைக்க வேண்டியதில்லை. காற்று உட்புகாத வேளை பார்த்து, வாசற்படிக்கு உட்புறம், காலை வெளிச்சத்தில் எடுக்கலாம். மூத்த பிள்ளையை நிற்க வைக்காமல் பாயில் அமர்த்தி, மடியில் தலையணை வைத்து, சிசுவின் கழுத்தும் தலையும் தாங்கப்பட்டிருக்க, தாயின் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் இன்னொரு நாள் பார்க்கலாம். அது அழுதாலும் முகம் திருப்பினாலும் சிரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது. நேற்றுவரை தன்னுடையதாயிருந்த தாயின் மடியை இன்று பங்கிட்டுக் கொடுத்த பிள்ளை அது. அதன் சினமும் நியாயமானதே. அந்த முகமும் படத்தில் இருக்கட்டும்.

எடுத்த படத்தின் பின்புறத்தில் பிள்ளைகளின் பெயர், தாய் தந்தையர் பெயர், தோட்டம், பிரிவு, நாள் ஆகியவற்றை மையால் எழுத வேண்டும். அச்சிட்ட பிரதி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டார் விரும்பாமல் அது வேறெங்கும் போகக் கூடாது. பிறப்புப் பதிவு செய்யப்பட்டதா என்று அந்த வருகையின்போதே விசாரிக்க வேண்டும். தாய்க்கு 84 நாளும் கிடைத்ததா, பாலூட்டும் இடைவேளை கிடைக்கிறதா, மூத்த பெண் பள்ளிக்கு வருகிறாளா என்றும் கேட்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால், வழக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வெளியார் கமராவைத் தூக்கினால், “பெயரைக் கேளுங்கள், தாயைக் கேளுங்கள், பிரதி அனுப்புங்கள்” என்று சொல்லும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். மறுக்கும் உரிமை உண்டென்பதையும் கற்பிக்க வேண்டும்.

நாம் காண விரும்பும் படம் ஒன்று உண்டு. அதிலும் அக்காளின் மடியில் தம்பி இருப்பான். ஆனால் அவள் பள்ளி விட்டு வந்தவளாக, தன் விருப்பத்தால், சிறிது நேரம் அவனை வாங்கி வைத்திருப்பாள். தாய் அருகே இருப்பாள். சற்று நேரத்தில் அவனைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவள் விளையாடப் போவாள். அந்தப் படமும் அழகாகவே இருக்கும்; பயணியின் படத்தைவிட அழகாக இருக்கும். அதை எடுக்கக் கமரா மட்டும் போதாது. அதற்கான நிலைமைகளை மலைநாட்டில் உண்டாக்கியாக வேண்டும்.